கிருஷ்ணராஜ் வீட்டுச் சுவர்க்கோழிகள்

தனக்கு இன்றியமையாததைப் பிறர் பசிக்குக் கொடுப்பதே ஈகை. மிஞ்சியதைக் கொடுப்பார் பலர், அதுவும் நற்செயலே. ஆயினும் அந்தப் பெரும்பெயரை அதற்குச் சூட்ட மனம் தயங்குகிறது. அப்பெயருக்கு உரிய ஒருவர் மைசூரு மண்டி மொஹல்லாவில், ஒரு மாடியறையில் வாழ்கிறார். அவர் கிருஷ்ணராஜ். ஹனூர்ப் பக்கத்து உழவர் குடியில் பிறந்து, ஊதுபத்தித் தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலையிலேயே இருபத்தாறு ஆண்டுகளைக் கழித்தவர்.

மூன்றாண்டுகளுக்கு முன் மாமனாருக்குக் கைகால் விழுந்தது. பதினைந்து நாளில் வந்துவிடுவதாகச் சொல்லி ஹனூருக்குப் பேருந்து ஏறிய மனைவி ஜோதிமணி, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்து முகம் காட்டிப் போவதோடு சரி. பிள்ளைகள் இல்லை. பகலெல்லாம் சந்தில் ஆட்டோக்களும் ஸ்கூட்டர்களும் இரையும். ஆனால் அந்த இரைச்சலில் அவரைப் பெயர் சொல்லி அழைக்கும் குரல் ஒன்றும் இராது. மாலையில் வந்து கதவைச் சாத்தினால், சோறு கொதிக்கும் ஓசைதான் பேச்சு.

அப்படியிருந்த வீட்டுக்கு ஒருநாள் ரவிக்குமார் ஒரு பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். முன்பு உடன் வேலை பார்த்தவர். இப்போது வளர்ப்புப் பிராணிக் கடை வைத்திருக்கிறார். தொட்டிக்குள் சுவர்க்கோழிகள். வெளிநாட்டுப் பல்லிகளை வீட்டில் வளர்ப்போர் அவற்றுக்கு உயிருள்ள பூச்சிகளையே இரையாகக் கொடுக்க வேண்டும். அதற்காக வளர்க்கப்பட்டவை அவை.

“கல்யாணத்துக்குப் போறேன் குரு. பத்து நாள் பார்த்துக்கோ” என்றார். நண்பரைக் ‘குரு’ என்றழைப்பது மைசூரு வழக்கம்.

அன்று மாலை விளக்கேற்றிக் கைகூப்பியபோது தொட்டிக்குள் ஒரு குரல் எழுந்தது. பின் மற்றொன்று. சிறகோடு சிறகு உரசி எழுப்பும் அந்த ஒலி அறையின் நான்கு மூலைகளையும் நிறைத்தது. கிருஷ்ணராஜ் கூப்பிய கையை இறக்க மறந்து நின்றார். பத்து நாள் கழித்து ரவிக்குமார் வந்தபோது தொட்டி திரும்பவில்லை. வளர்க்கும் வேலையே கைமாறியது.

அதையும் ஒரு நோன்பு போலச் செய்தார். கோழிமுட்டை அடுக்கும் அட்டைகளை நிறுத்தி வைத்துப் பூச்சிகளுக்கு மாடமாடமாக வீடு கட்டினார். தவிடும் கேரட்டும் ஊட்டினார். கிண்ணத்தில் நீர் வைத்தால் மூழ்கிச் சாகும் என்று பஞ்சை நனைத்து வைத்தார். ஊதுபத்தி வாசம் அவற்றுக்கு ஆகாதென்று அஞ்சி, குளித்து வேட்டி மாற்றிய பிறகே மூடியைத் திறந்தார்.

ரவிக்குமார் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். “கத்துறது ஆம்பள, அதை முதல்ல குடுத்துடு. வால்ல ஊசி மாதிரி நீட்டிக்கிட்டிருக்கிறது பொம்பள, முட்டை வைக்கும். அதை மட்டும் தொடாதே.”

கிருஷ்ணராஜ் தலையாட்டினார். ஆனால் ஞாயிறுதோறும் இரை வாங்க வரும் பல்லி வளர்ப்போருக்கு எடுத்துக் கொடுக்கும்போது, அவர் கை பாடுவதை விட்டுப் பாடாததையே தேடியது. இரண்டு மாதத்தில், முட்டையிடுவதற்கென வைத்த ஈரத் தேங்காய்நார்த் தட்டில் ஒரு முட்டையும் இல்லை. ரவிக்குமார் மூடியைத் திறந்து, எஞ்சியிருந்த ஒன்பதையும் பார்த்துத் தலையில் கைவைத்தார்.

“ஏன் குரு, இது என்ன பிரம்மச்சாரி மடமா? ஒண்ணு விடாம எல்லாம் ஆம்பள! நான் என்ன சொன்னேன்?”

“கத்துறதைக் குடுன்னே.”

“நீ என்ன பண்ணினே?”

கிருஷ்ணராஜ் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: “அதுங்க போயிட்டா வீடு ஒரு மாதிரி இருக்குது ரவி.”

ரவிக்குமார் அதற்குமேல் கேலி செய்யவில்லை. மறுநாள், பெங்களூரிலிருந்து வரவழைத்த முட்டைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். “பத்துப் பன்னண்டு நாள்ல பொரியும். குரல் வர ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் இந்த ஒன்பதும்தான் உன் பாட்டுக் கச்சேரி.”

அந்த ஞாயிறு காலை உமாதேவி வந்தார். வங்கியில் வேலை பார்ப்பவர். புள்ளிப் பல்லி ஒன்றைப் ‘புட்டா’ என்று பெயரிட்டு வளர்க்கிறார். வீடு மாறியதிலிருந்து அது இருபது நாள் இரைக்கு வாய் திறக்கவில்லை. வால் வற்றிக் குச்சியாகிவிட்டிருந்தது. வாசலிலேயே முகம் மலரச் சொன்னார்:

“அண்ணா, புட்டா நேத்து ரெண்டு தின்னுட்டான்! இனி விடக்கூடாது, தினமும் குடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். ரவி அண்ணா கடையில வெள்ளிக்கிழமைதான் வருமாம். உங்ககிட்ட இருக்கா?”

“இல்லீங்க மேடம். தீர்ந்து போச்சு.”

அவர் சொல்லி முடிக்குமுன் உள்ளிருந்து ஒன்பதும் ஒருசேரப் பாடின.

உமாதேவி எட்டிப் பார்த்தார். “உள்ள கத்துதே அண்ணா?”

“அது... அது வீட்டுக்குங்க.”

“வீட்டுக்கா? நீங்களும் பல்லி வளர்க்கறீங்களா?”

“பல்லி இல்லீங்க. நான் மட்டுந்தான்.”

உமாதேவியின் பார்வை ஒற்றைத் தட்டும் ஒற்றைத் தம்ளரும் கவிழ்த்து வைத்த அலமாரியில் ஒருகணம் நின்றது. “ஐயோ, பரவால்லண்ணா. நான் வேற எங்கேயாவது கேக்கறேன்” என்று மெல்லப் படியிறங்கினார். வேறெங்கும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

நான்காம் படியில் அவரைக் கிருஷ்ணராஜின் குரல் நிறுத்தியது. “டப்பா குடுத்துட்டுப் போங்க மேடம்.”

ஒவ்வொன்றாக எடுத்தார். கை பட்டதும் ஒவ்வொன்றும் பாட்டை நிறுத்தியது. ஒன்பதாவதை எடுத்தபோது அறையில் ஓசை இல்லை. “பெருசா இருக்குதுங்க. ஒரு நேரத்துக்கு ரெண்டுக்கு மேல வேண்டாம்” என்று மட்டும் சொன்னார்.

மாலையில் ஜோதிமணி அழைத்தார். “ஏனுங்க, சாப்பிட்டீங்களா? எங்கீங்க உங்க பஜனைக் கோஷ்டி? சத்தத்தையே காணோம்?”

“குடுத்துட்டேன் மணி. ஒரு பல்லி பட்டினி கிடந்துது.”

“அப்போ இப்போ தனியாத்தான் இருக்கீங்களா?”

“ம்.”

“அப்பன் கூப்புடுது. வெக்கட்டுங்களா?” என்றார், வைத்துவிட்டார்.

சற்று நேரத்தில் உமாதேவியிடமிருந்து ஒரு படம் வந்தது. பல்லியின் வாயோரம் ஒரு சிறகு ஒட்டியிருந்தது. கிருஷ்ணராஜ் அதை நெடுநேரம் பார்த்தார். பின்பு பஞ்சை நனைத்து, ஓசையற்ற தொட்டிக்குள் முட்டைத்தட்டின் அருகே வைத்தார்.

பதினோராம் நாள் காலை முட்டைத்தட்டின் நார் அசைந்தது. எறும்பினும் சிறிய குஞ்சுகள், நூற்றுக்கணக்கில். சிறகு இல்லை, குரல் இல்லை. அவற்றின் வாய்க்கு ஏற்பக் கேரட்டைத் துருவிப் போட்டுவிட்டு அவர் வேலைக்குப் புறப்பட்டார். இம்முறை பாடுபவை போக வேண்டும், முட்டையிடுபவை தங்க வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமில்லை.

ஹனூர்ப் பக்கத்து மலைமேல் உறையும் மாதேஸ்வரப் பெருமான் அந்த மாடியறையைக் கண்பார்த்தருள்க. படுத்திருக்கும் முதியவர் நலம் பெறுக. ஜோதிமணி அம்மையார் மங்கலமாய் வீடு திரும்புக. அக்குடியின் அடுப்பு அணையாதிருக்க. அந்த வாசலில் பெயர் சொல்லி அழைக்கும் குரல் என்றும் ஒழியாதிருக்க.