ஒப்துலியாவின் ஆறு எண்கள்

சினலோவா மாநிலத்தில் எங்கள் ஊர்ச் சந்தையில் இறால் விற்றவள் ஒப்துலியா. மகன் எரிபெர்த்தோவை யாரோ வண்டியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு எங்களோடு தேட வந்தாள். வியாழன்தோறும் நாங்கள் ஏழு பெண்கள் இரும்புக் கம்பியை மண்ணில் இறக்கி, உருவி, பிண வாடை அடிக்கிறதா என்று நுனியை முகர்ந்து பார்ப்போம். பிள்ளைகளை அப்படித்தான் தேடுகிறோம்.

அவள் கம்பியில் முதலில் தட்டுப்பட்டது மகனின் செல்பேசி. பூட்டியிருந்தது. விசாரணை அலுவலகத்தில் கொடுத்தாள்.

"தொறக்குற கருவி இருக்கும்மா. ஆனா அது தேசப் பாதுகாப்புக்கு மட்டுந்தான்" என்றார் அதிகாரி.

"அப்ப எம்புள்ள எந்தத் தேசம்யா?"

நான்கு வருடமாக அது அங்கேயே கிடக்கிறது.

அதன் பிறகுதான் எங்களுக்குள் அந்த வழக்கம் வந்தது. ஒவ்வொருத்தியும் தன் செல்பேசியைத் திறக்கும் ஆறு எண்களை இன்னொருத்தியிடம் சொல்லிவைப்பாள். சொன்னவள் காணாமல் போனால் அந்த எண்களை வைத்துத் திறக்கலாம். ஒப்துலியா தன்னுடையதை என்னிடம் சொன்னாள்.

"எம்புருசனுக்கே தெரியாதுடி செனாய்தா. தெரிஞ்சா ஓடிருவான்."

"அவருதான் ஓடிட்டாரேக்கா."

"தெரியாமலே ஓடிட்டான். கெட்டிக்காரன்."

போன மார்ச்சில் அதே அதிகாரி சிரித்துக்கொண்டே கேட்டார்: "இந்த வியாழன் வாய்க்கால் பக்கமாமே?" எங்கள் செல்பேசிச் செய்திகளில் தவிர வேறெங்கும் நாங்கள் அதைப் பேசவில்லை. வெளியே வந்ததும் ஒப்துலியா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எங்கே தோண்டலாம் என்று பெயர் சொல்லாமல் தகவல் தருகிறவர்களின் எண்களெல்லாம் அவள் செல்பேசியில்தான் இருந்தன. யாரென்று தெரிந்தால் பிள்ளைகளைக் கொண்டுபோனவர்கள் அவர்களை உயிரோடு விடமாட்டார்கள்.

அன்றே ஆறு எண்களையும் மாற்றினாள்.

"புதுசு என்னக்கா?"

"வியாழக்கெழம காதுல சொல்றேன். போன்ல கேக்காத."

செவ்வாயன்று யாரையோ பார்க்கக் கிளம்பினாள். ஒட்டுக்கேட்கிறவர்கள் பின்தொடரக் கூடாதென்று செல்பேசியை இறால் பெட்டிக்கடியில் வைத்துவிட்டுப் போனாள். திரும்பவில்லை.

அவள் கடையில் தேடிச் செல்பேசியை எடுத்தேன். பழைய எண்களுக்கு அது திறக்கவில்லை. மகன் பிறந்த நாள், அவனைக் கொண்டுபோன நாள், அவள் கடை எண் என்று ஒன்பது முறை போட்டுப் பார்த்தேன். பத்தாவதும் தப்பினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். யாரைப் பார்க்கப் போனாள் என்பதும் அதற்குள்தான் இருந்தது.

அதிகாரி என் வீட்டுக்கே வந்தார்.

"குடும்மா, ரெண்டே நாள்ல தொறந்துடறோம்."

"தேசப் பாதுகாப்புக்கு மட்டும்னீங்களே?"

"இப்ப இதுவும் அதுல சேந்துடுச்சு."

தகவல் தந்தவர்களை நினைத்தேன். அவளையும் நினைத்தேன். கொடுத்துவிட்டேன்.

சொன்னபடி இரண்டு நாளில் திறந்தார்கள்.

"உள்ள என்ன இருந்துச்சு?"

"ரகசியம்மா. சொல்லக்கூடாது."

"அவ எங்க போனான்னாவது?"

"அதுவுந்தான்."

அந்த வாரத்தோடு எங்களுக்குத் தகவல் வருவது நின்றுபோனது. வேறு வழியாகக்கூட எங்களில் யாருக்கும் ஒரு சொல் இல்லை. பயந்து நிறுத்திக்கொண்டார்களா, உயிரோடுதான் இருக்கிறார்களா என்பதே தெரியாது.

வியாழக்கிழமைகளில் ஆறு பேர் போகிறோம். எங்கே என்று தெரியாமல் கண்ட இடத்தில் கம்பியை இறக்குகிறோம். என் ஆறு எண்களை யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.