டிரம்பெட்காரரின் கடைவாய்ப் பல்

பல்லுக்கு 3டி ஸ்கேன் எடுக்கிற வேலையில் மெஷினோடு ஒரு பாடும் இல்லை, அதன் முன்னால் ஆளை அசையாமல் நிறுத்துவதுதான் பெரும்பாடு. டாக்டர் வாய்க்குள் கையை விட்டுக்கொண்டே "எந்த ஊரு?" என்று விசாரிக்க, பதில் சொல்ல முடியாமல் தவித்தவர்தானே நீங்களும்? அப்படியானால் நம்ம ஆள்தான், கேளுங்கள். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை போகிற வழியில் எங்கள் சென்டர்.

மரியாதை

தாடையைத் தாங்கியில் வைத்து, குச்சியைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மெஷின் தலையைச் சுற்றி வரும். அம்பூரியிலிருந்து வந்த ஒரு ரப்பர் தோட்டத்து அம்மா, மெஷின் போன பக்கமெல்லாம் தலையைத் திருப்பினார். படம் கலங்கிப் போச்சு. மறுபடி எடுத்தேன், மறுபடியும் திருப்பினார். "அசையாண்டாம்னு சொன்னேன்லா?" என்று கத்தியே விட்டேன். அவர் குச்சியை எடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "ஒண்ணு நம்மளயே சுத்திச் சுத்தி வாறப்ப, மொகங்குடுக்காம நின்னா மரியாதி இல்ல மக்கா."

சட்டைப் பை

செங்கல் என்கிற ஊர்ப் பக்கத்துச் செல்வராஜ் அண்ணன் சர்ச் பேண்டில் டிரம்பெட் ஊதுகிறவர். கல்யாணம், அடக்கம் எதுவானாலும் முன்னால் நிற்பார். கீழ்க் கடைவாய்ப் பல் வீங்கி வந்தார். சாதா எக்ஸ்ரேயில் பல்லின் வேரும் உதட்டுக்குப் போகிற நரம்பும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. தொட்டுக்கொண்டு கிடக்கிறதா, தள்ளிக் கிடக்கிறதா என்று 3டியில்தான் தெரியும். பல்லை எடுக்கும்போது நரம்பு கெட்டால் கீழ் உதடு மரத்துப் போகலாம் என்று எங்கள் டாக்டரம்மா சொல்லியிருந்தார். உதடு போனால் டிரம்பெட் போச்சு. மனுசன் பயந்து, அந்தப் பேடியிலேயே வந்து நின்றார்.

செயினைக் கழற்றச் சொன்னேன், கழற்றினார். சட்டைப் பையிலிருந்து டிரம்பெட்டின் ஊதுவாயை எடுத்து உதட்டில் பொருத்திக்கொண்டார். அப்படியே படம் எடுக்க வேண்டுமாம்! உலோகம் ஆகாது, படம் முழுக்க வெள்ளைக் கீறலாகிவிடும் என்று பிடுங்கி வைத்தேன். "அப்ப எனக்க உதட்டுக்கு என்ன வேலைன்னு டாக்டருக்கு எப்பிடித் தெரியும்?"

மஞ்சள் கோடு

டாக்டரம்மா கம்ப்யூட்டரில் நரம்பு போகிற வழியை மஞ்சளில் கோடு போட்டார். படத்தைத் திருப்பிப் பார்த்தால், கோடு பல்லின் இரண்டு வேருக்கும் நடுவே புகுந்து போகிறது. பல்லை முழுசாக இழுத்தால் நரம்புக்கு ஆபத்து. பிறகு டாக்டரம்மா, பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேரை உள்ளேயே விட்டுவிடலாம் என்றார். அண்ணனுக்கு உயிர் வந்தது. "கெடக்கட்டும் டாக்டரே, வாடகையே வேண்டாம், எனக்க தாடைக்குள்ள எத்தன காலம் வேணும்னாலும் கெடக்கட்டும்."

காணாமல் போன உதடு

பல்லை வெட்டிய அன்று மத்தியானம் அண்ணன் வீட்டிலிருந்து எனக்குப் போன் வந்தது. "மக்கா, உதட்டக் காணல்ல!" ஊசியின் மரமரப்பு போகச் சில மணி நேரம் ஆகும் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். நானும் அதையே சொன்னேன். சொன்னேனே தவிர, எனக்கும் திக்கென்றுதான் இருந்தது. என்ன கவனமாகச் செய்தாலும் சிலருக்கு மரமரப்பு தங்கிவிடுவது உண்டு. அவர் மனைவி போனை வாங்கினார்: "கண்ணாடி முன்னால இருந்து உதட்டப் பிடிச்சிட்டே இருக்காரு. அங்கதான் உண்டுன்னு சொன்னா நம்பமாட்டேங்காரு."

பஞ்சு

மறுநாள் இரண்டு பேரும் வந்தார்கள். டாக்டரம்மா அவரைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரி போல் திரித்துக் கீழ் உதட்டில் தொட்டார். பதில் இல்லை. கொஞ்சம் தள்ளித் தொட்டார். அதற்கும் இல்லை. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து அண்ணனுக்குத் தண்ணீர் வழிந்தது. "அண்ணே, தெரியுதா இல்லியா?" என்றார் டாக்டரம்மா. "தெரியுது டாக்டரே. எடுத்துராதீங்க, கொஞ்ச நேரம் அங்கயே இருக்கட்டும்."

எலும்புக்குள் நரம்பு போகிற வழியைக்கூடத் திருப்பித் திருப்பிக் காட்டுகிற மெஷின் எங்களிடம் இருக்கிறது, உதட்டில் பஞ்சு பட்டதா என்று மட்டும் இன்னும் ஆளிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.