கொஞ்சம் கிண்டி விடுங்க

மாமா எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே அவருக்காக அலுமாரியில் இரண்டு தட்டுகளைக் காலி செய்தேன். என் பழைய சேலைகளை மூட்டை கட்டிக் கட்டிலடியில் தள்ளி, தட்டைத் துடைத்து, புதுத் தாள் விரித்து வைத்தேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னத்துக்குப் பிள்ளை, கொஞ்ச நாளைக்குத்தானே" என்றார். அந்தத் தட்டுகள் பல மாதம் காலியாகவே கிடந்தன. அவருடைய நீலப் பயணப்பை கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. உடுத்தச் சாரம் வேண்டுமென்றால் குனிந்து பையைத் திறப்பார். துவைத்துக் காய்ந்ததை மடித்து மறுபடியும் பைக்குள்ளேயே வைப்பார்.

மாமா என்றால் என் கணவரின் அப்பா. யாழ்ப்பாணத்தில் வாழ்நாள் முழுக்க வெங்காயத் தோட்டம் செய்தவர். மாமி போன பிறகு தனியாக இருந்தார். ஒருநாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, எழும்ப முடியாமல் பாதி நாள் அங்கேயே கிடந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் தற்செயலாக வேலிக்கு மேலால் பார்த்திராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. அதற்குப் பிறகு என் கணவருக்கு ஊரிலிருந்து தொலைபேசி வந்தாலே முகம் வெளிறிவிடும். கெஞ்சிக் கூத்தாடித்தான் அவரைக் கண்டிக்குக் கூட்டி வந்தோம். அவர் இங்கேயே இருந்துவிட வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் ஆசை. எனக்கு அப்பா இல்லை, சின்ன வயதிலேயே போய்விட்டார். வீட்டில் ஒரு பெரிய மனிதர் இருமிக்கொண்டு உலாவுவது எனக்குப் பிடித்திருந்தது. அதை அவரிடம் சொல்லத்தான் தெரியவில்லை.

எங்கள் வீடு கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு மேட்டில் இருக்கிறது. வந்த புதிதில் அவர் வாசலில் நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு, "இஞ்ச காணியெல்லாம் எழும்பி நிக்குது பிள்ளை, படுக்கவே படுக்காதோ?" என்று கேட்டார். படுத்த காணி என்று எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். குசினிக்கும் பின்னால் நின்ற மண்மேட்டுக்கும் நடுவில் ஒரு நீளப் பாத்தி. அது என்னுடையது. அதில் நான் கிழங்குப் பூக்கள் வைத்திருந்தேன்.

கிழங்கிலிருந்து வரும் பூச்செடிகள்தான் எனக்குச் சரி. விதை போட்டு, நாற்றைத் தூக்கி நட்டு, வெயில் படாமல் பொத்திப் பொத்தி வளர்க்கிற பொறுமை எனக்குக் கிடையாது. கிழங்கு அப்படியல்ல. பூக்கும், வாடும், ஒன்றுமே இல்லாததுபோல் மண்ணுக்குள் கிடக்கும், பிறகு யாரும் கூப்பிடாமலே வரும். கறுஞ்சிவப்பு டேலியா என் ஊர் தெல்தோட்டையிலிருந்து அம்மா தந்தது. நான் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது ஒரு பழைய பால்மா டின்னில் மண்ணோடு போட்டுக் கொண்டுவந்து தந்தார். கிளடியோலஸும் லில்லியும் என்னோடு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் அக்குறணைத் தோழியின் உம்மா கொடுத்தனுப்பியவை. ஓரத்தில் நின்ற கல்வாழையை மட்டும் யாரிடம் வாங்கினேன் என்று கேட்காதீர்கள்.

ஐப்பசி பிறந்ததும் இலைகளெல்லாம் மஞ்சளாகத் தொடங்கின. மண் இறுகிக் கிடந்தது. கொஞ்சம் சாண எரு போட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். மாமாவும் பாவம், காலையிலிருந்து மாலை வரை வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் கதிரையைப் போட்டுக்கொண்டு பஸ்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு வேலை இருந்தால் பொழுது போகுமே என்று, கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் வாசலில் நின்றபடி சொன்னேன்: "மாமா, நேரம் இருந்தா அந்தப் பாத்திய கொஞ்சம் கிண்டி விடுங்க."

அவர் முகம் மலர்ந்தது. "ஓம் பிள்ளை" என்றார்.

சாயங்காலம் வந்து பார்க்கிறேன், பாத்தி மொட்டையாகக் கிடக்கிறது. ஓரத்துக் கல்வாழையைத் தவிர ஒரு செடி இல்லை. இஸ்தோப்புக் கூரை வளையில் என் டேலியா, என் கிளடியோலஸ், என் லில்லி எல்லாம் மண் உதறி, இலைத் தாளோடு சேர்த்துக் கட்டுக் கட்டாக வெங்காயம் தொங்குவதுபோல் தொங்குகின்றன. கீழே மாமா குளித்து, திருநீறு பூசி, வந்த நாளிலிருந்து நான் காணாத சந்தோஷத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.

"என்ன மாமா இது?"

"கிண்டியாச்சு பிள்ளை. தாளும் பழுத்திட்டுது, பருவம் சரி. ஒண்டும் அழுகேல்ல. நல்ல விளைச்சல்."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். அன்றைக்கு அது மூக்கைத் தாண்டிவிட்டது.

"யாரு எல்லாத்தயும் புடுங்கச் சொன்னா?"

"நீர்தானே காலமை கிண்டச் சொன்னனீர்?"

"கிண்டத்தானே சொன்னேன்? தோண்டவா சொன்னேன்?"

"அதைத்தானே பிள்ளை நான் செய்தனான்!"

இப்படி இரண்டு பேரும் ஒரே சொல்லைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது என் கணவர் வேலை முடிந்து வந்தார். விஷயத்தைக் கேட்டதும் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகுதான் விளங்கியது. எங்கள் பக்கத்தில் கிண்டுவது என்றால் உப்புமா கிண்டுவது, களி கிண்டுவது. செடிக்கு என்றால் ஒரு குச்சியால் மேல்மண்ணைக் கிளறி இளக்கி விடுவது. அவர்கள் பக்கத்தில் கிணறு கிண்டுவார்கள்.

சிரித்த மனுசனை நாங்கள் இருவரும் முறைத்த முறைப்பில் அவர் எழும்பி உள்ளே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா தந்த டேலியா கயிற்றில் தொங்குகிறது. மூன்று நான்கு நாள் யாரோடும் சரியாகப் பேசாமல் பாத்திரங்களை மட்டும் சத்தமாகக் கழுவினேன்.

கடையில் புலம்பியபோது அக்குறணைத் தோழி கண்ணாடி துடைக்கிற துணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எங்கட உம்மாவும் பூத்து முடிஞ்சா எடுத்துப் பன்பாயில காயப் போடுறதானே. நீ இப்ப திருப்பி நட்டா வாற மழைக்கு அழுகிப் போகும். அது தொங்கட்டும். நீ போய் அந்த மனிசனோட கதை" என்றாள்.

கதைக்கலாம் என்றுதான் அன்றைக்கு வீட்டுக்கு வந்தேன். நான் வாயைத் திறக்கும் முன் அவர் சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமை வெளிக்கிடுறன் பிள்ளை."

அறைக்குள் நீலப் பை சிப் இழுத்துப் பூட்டித் தயாராக இருந்தது. அந்தக் கிணற்றடி என் கண்முன் வந்தது.

"அது கிழங்குக்காக வந்த கோவம் மாமா. உங்க மேல இல்ல."

"கோவத்துக்கு இல்லைப் பிள்ளை. நீர் நல்ல பிள்ளை." கொஞ்ச நேரம் பஸ் ரோட்டைப் பார்த்தார். "அங்க எண்டா நான் கதைக்கிறது ஆருக்கும் விளங்கும்."

நான் போய் அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே மழை வந்துவிட்டது. கண்டிக்காரர்களுக்கு மழை புதிதல்ல, ஆனால் இப்படி ஒரு மழையை நான் கண்டதில்லை. வானம் விட்டால்தானே! அக்குறணை ரோட்டில் வெள்ளம் ஏறிவிட்டது, தோழி கடைக்கு வரவில்லை. யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸும் நின்றுவிட்டது. மாமா ஒரு கதிரையில் ஏறி நின்று, சாரலுக்கு நனையாமல் கிழங்குக் கட்டுகளை இஸ்தோப்பிலிருந்து உள்ளே மாற்றினார். விழுந்துவிடப் போகிறாரே என்று நான் கதிரையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் பேச்சுவார்த்தை.

அடுத்த நாள் மத்தியானம் கிராம சேவகரும் பக்கத்து வீட்டுக்காரர்களும் குடையோடு ஓடி வந்தார்கள். பின்னால் இருந்த மண்மேடு மேலே வெடித்திருக்கிறதாம், உடனே வெளியேற வேண்டுமாம், முக்கியமான சாமான்களை மட்டும் எடுங்கள் என்றார்கள். அந்த அவசரத்தில் ஒருவருடைய மூளை எப்படி வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. நான் காணி உறுதிப் பத்திரத்தையும் தாலிக்கொடியையும் எடுத்தேன், கூடவே ரைஸ் குக்கரையும் எடுத்தேன். என் கணவர் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். மாமா நீலப் பையைப் பிடித்துக்கொண்டார். சரிதான், பூட்டி வைத்த பை அவருக்கு வசதியாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பன்சலையின், அதாவது பௌத்த விகாரையின், மண்டபத்தில் எங்களைப்போல் நிறையக் குடும்பங்கள் இருந்தன. பாய் விரித்து உட்கார்ந்ததும், "மாமா, சாரத்த மாத்துங்க, நனஞ்சிருக்கு" என்று அவருடைய பையை இழுத்துத் திறந்தேன்.

உள்ளே ஒரு துணிகூட இல்லை. பை நிறையக் கிழங்கு. முதல் நாள் இரவே ஈரம் படாமல் தாளை நறுக்கி, பத்திரிகைத் தாளில் சுற்றிச் சுற்றி வைத்ததை அப்படியே அடுக்கியிருந்தார்.

"உங்க சாரம் சேட்டெல்லாம் எங்க?"

"கட்டிலில கொட்டிப்போட்டு வந்திட்டன்." அவர் குரலில் ஒரு பதற்றமும் இல்லை. "சாரம் கடையில வாங்கலாம் பிள்ளை. இது உம்மட அம்மா தந்ததெண்டு சொன்னனீரெல்லே."

அதை நான் எப்போது சொன்னேன்? அந்தச் சண்டையின் நடுவில், கத்திக்கொண்டு, வேக வேகமாகச் சொல்லியிருப்பேன். அவருக்கு விளங்கியிருக்கிறது. அத்தனை பேருக்கு முன்னால் நான் விக்கி விக்கி அழுதேன். மண்சரிவுக்குப் பயந்து அழுகிறேன் என்று நினைத்து ஒரு சிங்கள அம்மா வந்து என் முதுகைத் தடவினார். அப்படியே பைக்குள் எட்டிப் பார்த்தவர் முகம் மலர்ந்து, "அலத?" என்று கேட்டார். கிழங்கா என்று கேட்கிறார். மண்டபத்து அடுப்பில் இரவுச் சாப்பாட்டுக்கு மரக்கறி போதாமல் இருந்தது. சிங்களம் தெரியாத மாமா, விஷயத்தை அவருடைய கண்ணிலேயே படித்துவிட்டார். பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "மல் அல, மல் அல" என்று, இது பூக்கிழங்கு என்று நான் அழுகைக்கு நடுவில் சொல்லிப் புரியவைக்க, அந்த அம்மா சிரித்துவிட்டு, தனக்கும் ஒன்று தர வேண்டும் என்றார். பிறகு ஒன்று கொடுத்தோம்.

வீட்டுக்குத் திரும்பியபோது மண்மேட்டில் பாதி கீழே இறங்கியிருந்தது. குசினிச் சுவர் தப்பியிருந்தது, ஜன்னல் தப்பவில்லை. பாத்தி இருந்த இடத்தில் என் இடுப்பளவுக்குச் சேறு. கல்வாழையின் ஒரு இலை நுனிகூட வெளியே தெரியவில்லை. நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நீங்க தோண்டினது நல்லதாப் போச்சு மாமா."

"கிண்டினது" என்று திருத்தினார்.

தைப்பொங்கல் முடிந்த கையோடு கிழங்குகளை வீட்டுக்கு முன்னால் வைத்தோம். தரையில் இல்லை, தரையை நம்புகிற மனம் இன்னும் வரவில்லை. பெயின்ட் வாளிகளில் ஓட்டை போட்டு, ஆற்றுமணலும் உரமும் கலந்து வைத்தோம். டேலியாவில் பாதி காய்ந்து சுருங்கிப் போயிருந்தது. வெங்காயத்துக்குச் சரியான காற்று டேலியாவுக்குச் சரியில்லை போலிருக்கிறது. முளைக்கண் உயிரோடு இருந்தவற்றை மட்டும் பிரித்து எடுத்தேன். எவ்வளவு ஆழத்தில் வைப்பது என்று இருவருக்கும் தினமும் வாக்குவாதம் நடந்தது. என் கணவர் மொழிபெயர்க்க வந்து, வேண்டாமென்று திரும்பிப் போவார். கிளடியோலஸ் நிறைய மிஞ்சியது. தோழியின் உம்மாவுடைய பூந்தோட்டத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்று நான் சொன்னதும், "அப்ப அவையின்ர சாமானை அவைக்கே குடுப்பம்" என்று மாமாவே ஒரு கட்டுக் கட்டித் தந்தார்.

நீலப் பைக்குள் ஒட்டிய சேறு எத்தனை தரம் கழுவியும் போகவில்லை. மிஞ்சிய கிழங்குகள் அதிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். அதனால் அவருடைய உடுப்புகளுக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. ஒருநாள் நான் சேலை எடுக்க அலுமாரியைத் திறந்தபோது, அந்த இரண்டு தட்டுகளிலும் சாரமும் சேட்டும் ஒழுங்காக மடித்து அடுக்கியிருந்தன. நான் ஒன்றும் கேட்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

பங்குனிக் கடைசியில் ஒரு வாளியில் டேலியா மொட்டு விட்டது. கறுஞ்சிவப்பு நுனி தெரிந்தது. அதே கிழமையில் ஊரிலிருந்து மாமாவின் அக்கா தொலைபேசி எடுத்தார். மாமாவுக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். நான் குசினியில் ரவையைக் கிண்டிக்கொண்டிருந்தேன். இஸ்தோப்பிலிருந்து எல்லாம் கேட்டது.

"சித்திரை வருசத்துக்கு வாறியோ?" என்று அக்கா கேட்டார்.

"வருசத்துக்கு எப்பிடி வாறது? மொட்டு வந்திருக்கு."

"பிறகு எப்ப வருவாய்?"

மாமா யோசித்தார். "பூத்து முடியவேணும், தாள் பழுக்கவேணும். கிழங்கெல்லாம் கிண்டிப்போட்டுத்தான் வரலாம்."

அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டே நான் கத்தினேன்: "இந்த வருஷம் கிழங்கு கிண்டுறதா இல்லன்னு சொல்லுங்க மாமா!"

நான் சொன்னது கேட்டதோ, கேட்டாலும் விளங்கியதோ என்று அடுப்பைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டினேன்.

"அக்கா" என்றார் மாமா. "பிள்ளை கிண்ட விடமாட்டாவாம்."