அந்தச் சொல்லுக்கு எத்தனை எழுத்து

இரும்பு வார்க்கும் தொழிற்சாலையை விட்டு அரை மைல் நடந்த பிறகுதான் வலது கை வீங்கியிருப்பதைப் பார்த்தேன். நடுவிரல் முட்டியில் பல் பதிந்த வெட்டு. சட்டையில் காய்ந்திருந்த இரத்தத்தில் பாதி என்னுடையது, பாதி அவனுடையது. மூச்சை இழுத்தால் இடது விலா குத்தியது. இந்தக் கோலத்தில் பஸ் ஏறினால் யாராவது பொலிஸைக் கூப்பிடுவார்கள். ஆகவே சன்ஷைனிலிருந்து, என் அறை இருந்த ஃபுட்ஸ்க்ரே வரை நடந்தேன்.

நடந்தது இதுதான். காலையில் ஒரு வார்ப்பு அச்சு சங்கிலியிலிருந்து நழுவியது. நான் பாய்ந்து கொக்கியை மாட்டியிராவிட்டால் பக்கத்தில் நின்ற தடியனின் கால் நசிந்திருக்கும். அவன் வந்து என் முதுகில் ஓங்கித் தட்டினான். "நொட் பாட், யூ லிட்டில் பாஸ்டட்" என்று சிரித்தான்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். இங்கிலீஷில் அரைகுறையாகத் தெரிந்த சொற்கள் நிறைய. அந்தச் சொல்லை மட்டும் முழுதாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். வேசைமகன். எங்கள் ஊரில் அதைக் கேட்டுவிட்டுச் சும்மா நின்றவன் மறுநாள் அந்தத் தெருவால் போகமுடியாது. அவன் சிரித்து முடிக்குமுன் குத்தினேன். முன்பல் இரண்டு போயிற்று. அவன் மண்வாரியின் பிடியால் என் விலாவில் அடித்தான். அவனை மணலில் விழுத்தி மேலேறி இருந்து அடித்தேன். மூன்று பேர் என்னை இழுத்தெடுத்தார்கள். மேற்பார்வையாளன் என்னை வாசலுக்கு வெளியே தள்ளும்போது, அவன் உன்னைப் பாராட்டினானடா மடையா என்று கத்தினான். நான் நம்பவில்லை.

அறையில் அண்ணை இருந்தார். யாழ்ப்பாணத்தவர். கொழும்பில் கிளாக்கராக இருந்து இங்கே டிராம் கண்டக்டரானவர். அறையை இருவரும் பங்கிட்டிருந்தோம்.

"ஆற்றை ரத்தமடா?"

"ரெண்டு பேற்றையும். தாயை இழுத்தான் அண்ணை." சொல்லையும் சொன்னேன்.

அவர் தலையில் கைவைத்தார். "அட மூதேசி! இங்கை அது சிநேகிதச் சொல்லடா. டிராமிலை எனக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பேர் சொல்லுறாங்கள். நான் தாங்க் யூ எண்டுபோட்டு ரிக்கற் குடுக்கிறன்."

மேற்பார்வையாளன் கத்தியது அப்போதுதான் விளங்கியது.

என் கட்டிலுக்கடியில் மாலைக் கல்லூரி விண்ணப்பம் ஒன்று கிடந்தது. அந்த வருடங்களில் கட்டணமில்லாமல் படிக்கலாம் என்று வந்திருந்தது. சான்றிதழ் இல்லாதவர்கள் தங்கள் வேலையில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொந்தக் கையெழுத்தில், இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதவேண்டும். அன்று ஐந்து மணியோடு முடிவு. எனக்கு முப்பத்தொரு வயது. கப்பல், கரும்புத் தோட்டம், சுரங்கம் என்று அலைந்தவன். இது தவறினால் இன்னொரு முறை இப்படி ஒரு தாளுக்கு முன்னால் உட்காரமாட்டேன் என்று எனக்குத் தெரியும். நேரம் தவறாமை பற்றி முதலே ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். ஒரு வரியும் உண்மையில்லை.

அதைக் கசக்கி எறிந்துவிட்டு, இடது கையால் அன்றைய சண்டையை எழுதத் தொடங்கினேன். அந்தச் சொல் வருமிடத்தில் பேனா நின்றது.

"தகாத வார்த்தை எண்டு எழுது. வாசிக்கிறது ஒரு பொம்பிளையாயிருக்கும். குப்பையிலை போடுவாள்" என்றார் அண்ணை.

"தகாத வார்த்தை எண்டால் அவன்தான் பிழை. பிழை விட்டது நான் எல்லோ?"

"அப்ப முதல் எழுத்தைப் போட்டுப் புள்ளி வை. பேப்பர்க்காரர் அப்பிடித்தான்."

புள்ளி வைத்தால் அவன் திட்டியதாகத்தான் படும். சொல்லே இல்லாவிட்டால், காரணமில்லாமல் பல்லுடைத்த மிருகம் நான். இரண்டும் பொய். சொன்னேன். அவர் கேட்கவில்லை. "உன்ரை நன்மைக்குத்தான்" என்று தாளை இழுத்து இரண்டாகக் கிழித்தார்.

இடது முழங்கையை அவர் கழுத்தில் வைத்துச் சுவரோடு அழுத்தினேன். கண் பிதுங்கியது. ஒரே நாளில் இரண்டாவது ஆள். விட்டேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து இருமினார்.

"என்ரை பல்லையும் எண்ணிப் பார், எல்லாம் கிடக்கோ எண்டு."

நான் வேறு தாளெடுத்து மறுபடி எழுதினேன். அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"எழுதுறதுதான் எழுதுறாய், ஒழுங்கா எழுது. கடைசி டீக்கு முன்னாலை ஒரு ஆர் வரும். ஏழு எழுத்து."

"வேசைக்கு இங்கிலீஷ் என்ன அண்ணை?"

"எனக்குத் தெரியாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நிச்சயம் தெரியும்.

ஆகவே வேசை என்பதை நான் எழுதவில்லை. என் ஊரில் இது ஒருவனுடைய தாயைப் பற்றிய சொல், இதற்காகக் கத்தி எடுப்பார்கள் என்று எழுதினேன். தடியன் சொன்ன சொல்லை முழுதாக, ஏழு எழுத்தும் போட்டு எழுதினேன். அவன் எனக்கு நன்றி சொன்னான், நான் அவன் பல்லை உடைத்தேன் என்று முடித்தேன்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கக் கல்லூரியில் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பெண் வாசித்துக்கொண்டு போய் நடுவில் நின்றாள். என் கையைப் பார்த்தாள். முத்திரை குத்தினாள். ஆறு கிழமையில் கடிதம் வரும் என்றாள்.

மறுநாள் காலை வேலை தேடிப் போனேன். ரப்பர் தொழிற்சாலையில் பின்நேர வேலை இருந்தது. சுத்தமான வேலை, ஆனால் மாலை வகுப்பு நேரத்தில். வேண்டாமென்றுவிட்டு, ஆற்றங்கரையில் மாட்டுத்தோலுக்கு உப்புப் போடும் கொட்டிலுக்குப் போனேன். அங்கே விடியற்காலை நாலு மணிக்குத் தொடங்கி மத்தியானத்தோடு முடிப்பார்கள். நாற்றத்துக்கு யாரும் நிலைப்பதில்லை என்று அங்கிருந்த பெரியவர் எச்சரித்தார். பின்நேரம் கட்டாயம் விடுவீர்களா என்று மட்டும் கேட்டேன். தலையாட்டினார். வாசலில் தொங்கிய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன்.