பக்கத்துக் கட்டில்

பதுளைக்கு வந்த புதிதில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது மலையோ குளிரோ இல்லை, பேச்சுதான். என் மாமியார் பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் இருந்தார். முதல்முறை போனபோது வாசலிலேயே நின்று, "வாம்மா, உள்ள வா. ஏத்தத்துல நடந்து வந்தது மூச்சு வாங்குது பாரு, உக்காரு" என்றார். திண்டுக்கல்லில் என் பக்கத்து வீட்டுக்காரி பேசுகிற அதே பேச்சு. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி வந்த நாட்டில், என் தெருவின் பேச்சு எனக்கு முன்பே வந்து குடியிருந்தது.

நானும் என் கணவரும் துபாயில் ஒரே சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்தவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவருடைய ஊரிலேயே இருந்துவிடலாம் என்று வந்தோம். பதுளை டவுனில் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்தார். கடைக்கு மேலேயே எங்கள் வீடு.

தோட்டத்துக்குப் போனால் நான் யாருக்கும் வேற்று ஆள் இல்லை. டவுனில் இறங்கினால் ஊமை. அவர் கடையில் இருப்பார். சாமான் வாங்கப் போவது நான்தான். மார்க்கெட்டில் இரண்டு சிங்களச் சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டேன். விலை கேட்க 'கீயத'. அதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் 'நே'. இல்லை என்று அர்த்தம். முருங்கைக்கீரை நே. நல்லெண்ணெய் நே. நான் கேட்ட மல்லிகைப்பூவும் நே. கேட்டது கிடைக்காமல் படியேறும்போதெல்லாம் இந்த ஊரே என்னிடம் அந்த ஒரு சொல்லைத்தான் சொல்கிறது என்று தோன்றும். அவரிடம் சொன்னால் சிரிப்பார். "பழகிரும், மெதுவா பேசிப் பாரு" என்பார். நான் பேசிப் பார்க்கவில்லை. வெட்கம்.

அந்த இரண்டு சொற்களோடுதான் பிரசவத்துக்குப் போனேன்.

வலி வந்து ஒரு இரவு முழுக்கக் கிடந்தும் குழந்தை இறங்கவில்லை. காலையில் டாக்டர் வந்து பார்த்தார், அவசரமாக ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். வார்டுக்குள் ஆண்களை விடமாட்டார்கள், பார்வையாளர் நேரத்தில் மட்டும்தான் வரலாம். என் கைபேசி, தாலி, வளையல் எல்லாம் அவரிடம் போய்விட்டன. முகத்தில் ஏதோ வைத்தார்கள். அவ்வளவுதான் நினைவு.

கண் விழித்தபோது வார்டில் இருந்தேன். வயிறு காலியாக இருந்தது. பக்கத்தில் தொட்டில் இல்லை. எதிர் வரிசையில் எல்லாக் கட்டில்களிலும் துணியில் சுற்றிய சின்னச் சின்னப் பொட்டலங்கள். நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. கடந்துபோன நர்ஸின் கையைப் பிடித்து, "என் குழந்தை?" என்றேன். அவர் நின்றார். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னார். குரலில் கடுமை இல்லை. அதில் எனக்குப் புரிந்தது கடைசியில் வந்த ஒரு சொல் மட்டும்.

நே.

அதைச் சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அழவேண்டும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கூரையில் மின்விசிறி சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை கால் எல்லாம் யாருடையதோ போல இருந்தது. கீரைக்கும் எண்ணெய்க்கும் சொல்கிற சொல்லை என் பிள்ளைக்கும் சொல்லிவிட்டார்களே என்று மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது.

"அக்கா. இங்க பாருங்க. ஏன்க்கா இப்படி நடுங்குறீங்க?"

பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு பெண் எழுந்து உட்கார்ந்திருந்தாள். என்னைவிட வயதில் சின்னவள். வெளிறிய முகம்.

"எம் புள்ள செத்துப்போச்சு" என்றேன். அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்குக் குரல் வந்தது, வாய்விட்டுக் கத்தினேன்.

"யாரு சொன்னது? நர்ஸ் மிஸ் அப்படிச் சொல்லலைங்க. புள்ள இந்த எடத்துல இல்ல, வேற எடத்துல வச்சிருக்குன்னுதான் சொன்னாங்க. அழாதீங்க, தையல் பிரிஞ்சிரும்."

நான் நம்பவில்லை. சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்து இன்னும் சத்தமாக அழுதேன். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். அவளுக்கும் ஆபரேஷன்தான் போல. வயிற்றை ஒரு கையால் தாங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்துக் கதவுக்கு வெளியே போனாள். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது உதட்டின் மேல் வியர்வை நின்றது.

"பொம்பளப் புள்ளங்க. நல்லா இருக்கு. மூச்சு கொஞ்சம் வேகமா வாங்குதுன்னு கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க. தலை நெறைய முடி. அழுகுற சத்தம் வெளிய வரைக்கும் கேக்குது." என் பாதத்தைப் பிடித்து அழுத்தினாள். "நாளைக்கு உங்களைக் கூட்டிட்டுப் போயி காட்டுவாங்களாம்."

அப்போதுதான் என் கை கால்கள் எனக்குத் திரும்பி வந்தன. சிரித்தேன், மறுபடி அழுதேன். அவள் கையை விடவே இல்லை. எந்த ஊர் என்று கேட்டேன். கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தோட்டம், கொழுந்து பறிக்கிற வேலை என்றாள். "நீங்க இந்தியாங்களா? பேச்சு எங்க பேச்சாட்டம் இருக்கு, எந்தத் தோட்டம்னுதான் நெனச்சேன்" என்று ஆச்சரியப்பட்டாள்.

சாயங்காலம் பார்வையாளர்கள் வந்தார்கள். என் கணவர் வந்து, குழந்தையைக் கண்ணாடி வழியாகப் பார்த்ததைச் சொல்லிவிட்டு, டீ வாங்கிவரப் போனார். பக்கத்துக் கட்டிலுக்கு அவளுடைய மாமியார் வந்திருந்தார். பையிலிருந்து வாழை இலைப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். மல்லிகை! அந்த வாசனை வார்டு முழுக்கப் பரவியது. பதுளைக்கு வந்த பிறகு அத்தனை மல்லிகையை நான் பார்த்ததில்லை. அன்றைய சந்தோஷத்தில் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

"எனக்கும் ஒரு துண்டு குடுங்க, தலையில வச்சுக்கிறேன்" என்று கையை நீட்டினேன்.

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள்தான் பதில் சொன்னாள்.

"இது தலைக்கு இல்லீங்க அக்கா."

நீட்டிய கை அப்படியே நின்றது. எனக்குத் தெரியும். எங்கள் ஊரிலும் செய்வார்கள். பிள்ளை தங்காத தாய்க்குப் பால் வற்றுவதற்காக மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். அவளுடைய கட்டிலருகிலும் தொட்டில் இல்லை. கண் விழித்ததிலிருந்து பார்த்தும் நான் அதைக் கவனிக்கவில்லை. அவளுடைய பிள்ளையைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

"எப்போ?" என்றேன்.

"முந்தாநாளு. ஆம்பளப் புள்ள." போர்வையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, மாமியார் பூவையும் துணியையும் வைத்து இறுக்கிக் கட்டினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். கட்டி முடித்ததும் என் பக்கம் திரும்பி, "நீங்க படுங்க அக்கா, ரொம்ப நேரம் உக்காரக்கூடாது" என்றாள். மறுநாள் நான் குழந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது அவளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கட்டிலில் வேறு ஒருத்தி இருந்தாள்.

மகள் உட்காரத் தொடங்கிய பிறகு அவளைத் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போகக் கிளம்பினோம். கொழும்பு பஸ் பெரகலையில் டீக்கு நின்றது. கடை வாசலில் பாண் என்கிற பிரெட் வாங்கிக்கொண்டு நின்ற அந்தப் பக்கத்துக் கட்டில் பெண், நான் அடையாளம் காண்பதற்குள், "அக்கா!" என்று ஓடிவந்தாள்.

"பாப்பாவா இது? நான் தூக்கட்டுங்களா?"

கொடுத்தேன். மகள் புது முகம் பார்த்து அழவில்லை. அவள் அந்தத் தலைமுடியைத் தடவியபடியே சொன்னாள்:

"அன்னைக்கே நெறைய முடி. நான்தான் மொத மொதல்ல பாத்தேன்."

"பாத்தியா? விசாரிச்சிட்டுத்தானே வந்தே?"

"இல்லீங்க. உள்ளயே போனேன். எம் புள்ளயும் நல்லா இருக்குன்னுதான் மொதல்ல சொன்னாங்க. அதான் யாரு சொன்னாலும் நம்ப முடியல. கண்ணால பாக்காம உங்ககிட்ட எப்படி வந்து சொல்றது? அவன் படுத்திருந்த பெட்டிக்குப் பக்கத்துப் பெட்டிதான்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். என் கணவருக்கும் கேட்டது. அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். பஸ் ஹாரன் அடித்தது. அவள் மகளை என் கையில் தந்து, குளிர்க்காற்று படாமல் துண்டை இழுத்து மூடினாள். "பத்திரமா போய்ட்டு வாங்க" என்றாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பாணைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொஸ்லந்தை பஸ்ஸை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தாள்.