சாக்கு சுற்றிய மாவு

இட்லி மாவைப் பொங்க வைப்பதில் ஆனைக்கரையில் கத்தரீனாளை மிஞ்ச ஆளில்லை. ஏலத்தோட்டத்து மெஸ்ஸில் பதினெட்டு வருடம் அவள் கை மாவுதான். மலைக் குளிரில் மாவு லேசில் பொங்காது. பானையைச் சாக்கில் சுற்றி அடுப்போரம் வைப்பாள். இரவில் கணவர் இன்னாசிராஜ் இருமத் தொடங்குவார். அவருக்கு வெந்நீர் கொடுக்க எழும்போது மாவையும் ஒரு பார்வை பார்த்துவிடுவாள். அலாரம் வைக்க வேண்டிய அவசியமே அவளுக்கு வந்ததில்லை.

அவர் நெஞ்சுக்கு இனி அந்தக் குளிர் ஆகவே ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் இருவரும் அடிவாரத்து முதலமடைக்கு இறங்கினார்கள். மாங்காய்க் கிடங்கில் சமையல் வேலை, கூடவே தங்க ஓர் அறை. சமையலைக் கவனிக்கும் சுப்பாத்தாள், முதல் நாள் இட்லியைப் பார்த்துவிட்டுத்தான் ஆளை வைப்பேன் என்று சொல்லியிருந்தாள். வேலை போனால் அறையும் போகும். மறுபடி அந்தக் குளிர்தான்.

அந்த முதல் நாள் விடிந்தபோது மாவு பானையைத் தாண்டித் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. ஏப்ரல் மாதம், தகரக் கூரை, இதில் சாக்கு வேறு! பழக்கம் மனிதரை எப்படியெல்லாம் முட்டாளாக்குகிறது. தொட்டு நாக்கில் வைத்தாள். பல் கூசியது. ஏழு மணிக்கு ஐம்பது சுமைக்காரர்கள் பசியோடு வந்து நிற்பார்கள். சர்க்கரை போடலாமா, ரவை கலக்கலாமா? ஓர் ஈடு ஊற்றி எடுத்தாள். இட்லி தட்டையாகப் படுத்துக் கிடந்தது.

அதற்குள் சுப்பாத்தாள் வந்துவிட்டாள். ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டு முகத்தைச் சுளித்தாள்.

"ஏனுங்க, இந்த வெக்கையில பானைக்குச் சாக்குச் சுத்துவாங்களா?"

"எங்க ஊரு நெனப்புல சுத்திட்டேன்க்கா. தப்பு எம்மேலதான்."

"ராத்திரி ஒருக்கா எந்திரிச்சுப் பாத்திருக்கலாமில்லீங்க?"

"எப்பவும் பாப்பேன்க்கா. அவுக இருமுற சத்தத்துல முழிச்சு..."

கத்தரீனாள் பாதியில் நிறுத்தினாள். நேற்று இருமல் சத்தமே கேட்கவில்லை. எழுந்ததும் மாவைப் பார்க்க ஓடி வந்தவள், அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மாதாவே" என்று கரண்டியைப் போட்டுவிட்டு அறைக்கு ஓடினாள்.

ஆனைக்கரையில் இன்னாசிராஜ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்குவார். இங்கே மல்லாந்து, அசையாமல் கிடந்தார். அவள் அவர் நெஞ்சில் கை வைத்தாள். அது சீராக ஏறி இறங்கியது. அவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"என்ன புள்ள, அதுக்குள்ள விடிஞ்சிருச்சா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தாள். "நல்லா ஒறங்குறாகக்கா. இப்பிடிப் படுத்து ஒறங்கி எத்தனையோ வருசமாச்சு." வேலை போனால் போகட்டும் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. முன்னைவிட இப்போதுதான் அந்த அறை அதிகமாக வேண்டியிருந்தது.

சுப்பாத்தாள் வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் அவள் முன்னால் தள்ளினாள்.

"இதை அரிஞ்சு போட்டு ஊத்தப்பமாச் சுடுங்க, புளிப்பு தெரியாது. நாளைக்குச் சாக்கு வேண்டாங்க. அலாரம் ஒண்ணு வாங்கி வெச்சுக்குங்க."