பின்கதவில் எழுதிய எண்

போன மாதம் இறம்பொடைப் பக்கம் போனபோது ஒரு சுற்றுலா விடுதியின் வாசலில் பழைய இராணுவ லொறி ஒன்று நின்றது. நாலு சில்லும் சேர்ந்து இழுக்கும் வகை. புதிதாகப் பச்சை பெயின்ட் பூசி, பின்னால் மெத்தை வைத்த ஆசனங்கள் போட்டு, நீர்வீழ்ச்சி பார்க்க வரும் வெள்ளைக்காரர்களை ஏற்றிப் போகிறார்கள். அழகுக்காகப் பழைய இராணுவ எண்ணையும் பின்கதவில் எழுதி வைத்திருந்தார்கள். ஒரு பெண் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. எழுத்தின் உயரம் மூன்று அங்குலம் இருக்கும்.

அதே வகை லொறி ஒன்று, தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடான லயத்துக்குப் பின்னாலும் நின்றது. அப்போது எனக்குப் பத்து வயது. யுத்தம் வடக்கே நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் எங்கள் தோட்டத்து ஆட்கள் அடையாள அட்டை இல்லாமல் அட்டன் டவுனுக்குப் போவதில்லை.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் மெசின் பார்ப்பவர். அம்மா கொழுந்து பறித்தார். அம்மாவின் தம்பியான என் மாமா அட்டனில் ஒரு கராஜில் வேலை செய்தார். இராணுவம் கழித்துவிட்ட லொறிகளை ஏலத்தில் எடுத்த ஒரு வியாபாரியிடமிருந்து அப்பாவும் மாமாவும் சேர்ந்து அதை வாங்கினார்கள். இன்னொரு லொறி அதைக் கட்டி இழுத்து வந்து எங்கள் மரக்கறிப் பாத்திக்குப் பக்கத்தில் விட்டுவிட்டுப் போனது. என்ஜின் இறுகிக் கிடந்தது. தரைத்தகடு துருப்பிடித்து ஓட்டையாகி, ஆசனத்தில் உட்கார்ந்தால் காலுக்குக் கீழே புல் தெரிந்தது.

மலைக்கு மேலே இருந்த மரக்கறித் தோட்டங்களுக்கு மழைக்காலத்தில் சாதாரண லொறி ஏறாது. இது ஏறும். கோவா என்கிற முட்டைக்கோசும் கரட்டும் இறக்கிக் கொடுத்தால் தொழிற்சாலை வேலையை விட்டுவிடலாம், லயத்தை விட்டு வெளியேறி வட்டவளையில் ஒரு சின்ன வீட்டில் இருக்கலாம் என்பது அப்பாவின் நினைப்பு. "நம்ம கதவ நம்மளே பூட்டி நம்மளே தொறக்கணும்" என்பார். லொறி ஓடினால்தான் அது நடக்கும் என்பது எனக்கும் தெரியும்.

பதினான்கு மாதம், ஒரு ஞாயிறு தவறாமல் இருவரும் உழைத்தார்கள். பழைய என்ஜினைக் கழற்றிவிட்டு ஒரு பஸ்ஸின் டீசல் என்ஜினைப் பொருத்தினார்கள். படைவீரர்கள் உட்கார்ந்த இரும்பு பெஞ்சுகளை வெட்டி எடுத்துவிட்டு, மூட்டை அடுக்க வசதியாகப் பலகை அடித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வேலியில் சாய்ந்துகொண்டு வாராவாரம் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"என்னா, மச்சானும் மச்சானும் சண்டைக்குப் போறீங்களா?"

"ஆமாண்ணே, கோவாவ வச்சு எறியப் போறோம். நீங்களும் வாங்க, ஒங்கள முன்னுக்கு ஒக்கார வைக்கிறோம். குண்டு வந்தா மொதல்ல ஒங்களுக்குத்தான்" என்பார் மாமா, லொறிக்கு அடியில் படுத்தபடியே.

பச்சை நிறத்தின் மேல் அப்பா மூன்று பூச்சு நீலம் பூசினார். பின்கதவில் வெள்ளையில் இருந்த இராணுவ எண்ணை மட்டும் பூசி மறைக்காமல், உப்புத்தாள் கொண்டு இரண்டு ஞாயிறு தேய்த்தார். ஒரு கோடுகூட மிஞ்சக் கூடாது என்றார். அது அழியுமுன் நான் அதை என் கொப்பியில் பார்த்து எழுதிக்கொண்டேன். இரண்டு சிங்கள எழுத்து, ஐந்து இலக்கம். எழுதி வைப்பது அப்போதே என் பழக்கம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் எண் உண்டு. லயத்துக்கு, கதவுக்கு, கொழுந்து மலைக்கு, ஆளுக்கு. காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது என் அம்மாவின் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எண்ணைத்தான் கூப்பிடுவார்கள். அதற்கு முந்திய வருடம் தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஆசையாகக் கதவுக்குப் பெயின்ட் பூசி, எண்ணையும் சேர்த்து மறைத்துவிட்டார். கணக்கப்பிள்ளை வந்து வாசலில் நின்று கத்தினார்.

"நம்பர் இல்லாட்டி இது யாரு வீடு? நாளைக்கு வேற குடும்பத்தக் கொண்டாந்து வைக்கவா?"

வகுப்பில் என் எழுத்துத்தான் உருண்டையாக இருக்கும் என்பதால், அன்று என்னைக் கூப்பிட்டு அந்தக் கதவில் எண்ணை எழுதவைத்தார்கள். எண் அழிந்த பொருளை யாரும் எடுத்துக்கொண்டு போகலாம் என்று அன்றைக்கு நான் விளங்கிக்கொண்டேன்.

"நம்பர் அழிஞ்சா ஏசமாட்டாங்களா அப்பா?" என்று கேட்டேன்.

"இனிமே இது நம்ம லொறி பாப்பா. புது நம்பர் வரும், எழுதிப் போட்டிருக்கு."

வரும் என்றால் இன்னும் வரவில்லை. அதுவரைக்கும்? அப்பாவுக்கு மெசின் தெரிந்த அளவுக்கு இந்த விசயம் தெரியவில்லை என்று நினைத்தேன்.

லொறியை முதன்முதலாக வட்டவளை வரை ஓட்டிப் பார்ப்பதென்று முடிவான ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பாவும் மாமாவும் பீலிக்குக் குளிக்கப் போனார்கள். நான் மிச்சமிருந்த வெள்ளை பெயின்டை எடுத்து, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, கொப்பியைப் பார்த்து அந்த எண்ணைப் பின்கதவில் எழுதினேன். மூன்று அங்குல உயரம், இடைவெளி முக்கால் அங்குலம். போய்த் திரும்பி இறங்கியதும் அப்பாவைப் பின்னால் கூட்டிப் போய்க் காட்டுவதாக எண்ணம்.

பூசை லொறியின் முன்பக்கம் நடந்தது. எல்லாரும் முன்பக்கம்தான் நின்றார்கள். சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. பிள்ளைகள் லொறிக்குப் பின்னால் தோட்டத்து எல்லை வரை ஓடிவந்தார்கள். அவர்கள் எண்ணைப் பார்த்திருப்பார்கள். எண் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன அவர்களுக்கு? நான் அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். ஏற்றத்தில் லொறி மூச்சு வாங்காமல் ஏறியபோது அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு இணையான ஒன்றைப் பிறகு நான் பார்க்கவில்லை.

வட்டவளைக்கு முன்னால் இராணுவச் சோதனைச்சாவடியில் மறித்தார்கள். அப்பா கடதாசிகளைக் காட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. ஒருவர் சும்மா பின்பக்கம் சுற்றிப் போனவர், அங்கிருந்து சத்தம் போட்டார். எல்லாரும் ஓடினார்கள். எங்களை இறக்கிப் பின்கதவுக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

"மேக்க கவுத லிவ்வே?" என்று அதிகாரி கேட்டார். இதை யார் எழுதியது என்கிற அளவுக்குச் சிங்களம் எனக்கு விளங்கும். நான் பெருமையோடு கையைத் தூக்கப் போனேன். மாமா என் கையைப் பிடித்து நசுக்கினார். அப்பா அந்த எண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மம தமய், சேர்" என்றார். நான்தான் ஐயா.

மச்சானுக்கும் பிள்ளைக்கும் இது தெரியாது என்றும் சொன்னார். அவரை மட்டும் ஒரு ஜீப்பில் ஏற்றினார்கள். "பொய், நான்தான் எழுதினேன்" என்று நான் தமிழில் சொன்னது மாமாவின் உள்ளங்கைக்குள் போய்விட்டது.

மாமா என்னை றொசல்ல ஸ்டேசன் வரை தண்டவாளத்து ஓரமாக நடத்திக் கூட்டிவந்தார்.

"நம்பர் பேச்சு இனிமே ஒன் வாயில வரக் கூடாது. அம்மாகிட்டயும் சொல்லாத. வெளங்குதா?"

மாமாவும் அப்பா பக்கம் சேர்ந்துவிட்டார் என்று நினைத்தேன்.

இராணுவ வாகனம் போல் வேசம் போட்டு லொறி ஓட்டிய தமிழன் என்பது அப்பாவின் மேல் வந்த குற்றம். அம்மா விண்ணப்பக் கடதாசியோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். வேலைக்கு வரவில்லை என்று தொழிற்சாலையில் அப்பாவின் பெயரை வெட்டினார்கள். லொறி திரும்பி வரவேயில்லை. நாங்கள் அதே லயத்தில் அதே கதவுக்குப் பின்னால் இருந்தோம்.

ஒன்பது மாதம் கழித்து அப்பா வந்தார். இடது காது கேட்கவில்லை. அம்மா தண்ணீர் சுடவைக்கப் போனதும், நான் அவருடைய வலது பக்கம் போய் நின்று, அத்தனை நாளும் வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

"நான் எழுதுனத நீங்க எழுதுனேன்னு ஏன் சொன்னீங்க?"

அப்பா என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தார்.

"எழுத்து அவ்ளோ அழகா இருந்திச்சி பாப்பா. ஆச வந்திருச்சி, அதான் சொல்லிட்டேன்."

அது எனக்கு நியாயமாகப் பட்டது. "சரி, பரவாயில்ல" என்று சொல்லி அப்பாவை மன்னித்துவிட்டேன்.